"கிடைக்கவில்லை" என்றால் "இல்லை" என்று அர்த்தமல்ல

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். செட்டிநாட்டில் இருந்துகொண்டு தமிழில் அச்சானதையெல்லாம் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை மட்டுமில்லை. மற்றவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற நோட்டீஸ், அழைப்பிதழ்கூட அவர் கணக்கில் சேர்ந்தது. 1992-இல் அவர் இறந்தபோது சேகரிப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. மூலப் பிரதிகள் சென்னையிலேயே இருக்கட்டும், நுண்படம் எடுப்போம் என்று முடிவானது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்த கதை இதுதான். முதலில் முகப்பேரில் இருந்தது, இப்போது தரமணியில் இருக்கிறது.

இந்தக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். புத்தகம் பிழைத்துவிட்டது, பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனாலும் தேடுகிறவர் கண்ணில் படுவதில்லை. ஏன்?

முதல் காரணம் எழுத்துப்பெயர்ப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. தலைப்பை ரோமன் எழுத்தில், அமெரிக்க நாடாளுமன்ற நூலக முறைப்படி எழுதியிருப்பார்கள். அந்த முறை ஒலியைப் பார்க்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். "சரித்திரம்" என்பதை நாம் 'எஸ்' போட்டுத் தட்டுவோம். அங்கே அது 'சி'. தலைப்பில் "காந்தி" வந்தால் 'ஜி' இல்லை, 'கே'. "அந்தாதி"யில் 'டி' மட்டும்தான், பக்கத்தில் 'எச்' வராது. "பாரதம்" 'பி'யில் இருக்காது, 'பாரிஸ்' எழுதுகிற எழுத்தில்தான் இருக்கும். ழகரத்துக்கு 'இசட்-எச்' கிடையாது. 'எல்' எழுத்தின் அடியில் ஒரு கோடு. அந்தக் கோடுகள், புள்ளிகளை விட்டுவிட்டுத் தட்டினாலும் பெரும்பாலான தேடுபொறிகள் புரிந்துகொள்ளும். ஆனால் எழுத்தே மாறினால் ஒன்றும் வராது.

இரண்டாவது, சொல் பிரிப்பு. பழைய தலைப்புகள் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு போகும். பட்டியலிட்டவர் எங்கே பிரித்தார், சந்தியை வைத்தாரா விட்டாரா என்று நமக்குத் தெரியாது. அதனால் முழுத் தலைப்பையும் தட்டாதீங்க. முதல் சொல்லின் பாதியைப் போட்டு, பின்னால் நட்சத்திரக் குறி வைத்துப் பாருங்க. முடிவுகள் கூடுதலாக வந்தால் பரவாயில்லை, கழிப்பது சுலபம்.

மூன்றாவது, வருடம். பழைய நூல்களின் முகப்பில் சில சமயம் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். "விபவ" என்றால் 1868 சித்திரையில் தொடங்கிய வருடமாகவும் இருக்கலாம், 1928-ஆகவும் இருக்கலாம். அறுபது வருட வித்தியாசம் ஒரு ஆய்வையே புரட்டிப் போட்டுவிடும். அச்சுக்கூடத்தின் பெயர், பின்னட்டை விளம்பரங்கள், பதிப்பித்தவர் வாழ்ந்த காலம் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேடும்போது பட்டியல் தரும் ஒரே வருடத்தை நம்பி வடிகட்டினால், தேடின புத்தகமே வடிந்து போய்விடும்.

இணையப் பட்டியலில் ஒன்றும் அகப்படாவிட்டால் நான் அச்சுப் பட்டியல்களுக்குப் போவேன். ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல் ஒன்று. பார்னெட்டும் ஜி.யு. போப்பும் 1909-இல் கொண்டுவந்த பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூற்பட்டியல் இன்னொன்று. இவை தவிர, 1867-ஆம் வருட 25-ஆவது சட்டப்படி அச்சான நூல்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், சென்னை மாகாண அரசு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்ட பட்டியல்களும் உண்டு. ஆட்சியாளர்கள் கண்காணிக்க எழுதி வைத்தது இன்றைக்கு நமக்கு வழிகாட்டி! ஒரு நூல் அச்சானது உறுதி என்று தெரிந்துவிட்டால், பிறகு அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை நூலகரிடம் கேளுங்க. கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்கள் வேலையே அதுதான். ஆனால் "நாட்டுப்புறப் பாடல் பற்றி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தலைப்பு, அதன் வேறு எழுத்து வடிவங்கள், உத்தேச காலம், எந்த நூலில் இந்தக் குறிப்பைப் பார்த்தீர்கள், எங்கெல்லாம் தேடியாச்சு என்று ஐந்தாறு வரி எழுதினால் போதும். பட்டியலில் இன்னும் ஏறாத பெட்டிகளைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய புலவர்களின் நூல்கள் எப்படித் தேடினாலும் அகப்பட்டுவிடும். காலணா, அரையணாவுக்குச் சந்தையில் விற்ற கும்மி, சிந்து, கொலைச் சிந்து, நாடகப் பாட்டுப் புத்தகங்கள்தான் நழுவிப்போகும். அவை நழுவினால், அவற்றை எழுதியவர்களும் பாடியவர்களும் சேர்ந்தே நழுவுவார்கள். "இந்த விஷயத்தில் தமிழில் யாரும் எழுதவில்லை" என்று ஒருவர் எழுதுவார். அதை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார். அப்புறம் அதுவே வரலாறாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் புத்தகப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்று செய்யுங்க. ஒவ்வொன்றின் முகப்பையும் பின்னட்டையையும் படம் எடுங்க, ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்க. அந்தப் பட்டியலை ஒரு நூலகத்துக்கு அனுப்பினால், எது அவர்களிடம் இல்லாதது என்று சரிபார்த்துச் சொல்ல முடியும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததால்தான் இன்றைக்கு நமக்குத் தேடவே ஒரு இடம் இருக்கிறது.