சுவரில் விட்ட ஓட்டை: மின்குழாயும் தீயும் தொழிலாளியின் உரிமையும்

புது இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அது ஓடியாக வேண்டும். சுவிட்ச் அறைக்கும் உற்பத்திக் கூடத்துக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர். வயர்மேன் ஏணி போட்டு ஏறுகிறார். உளியும் சுத்தியலும் கொண்டு சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு துளை போடுகிறார். கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புக் குழாயை அதில் நுழைத்து, உள்ளே மூன்று வயர்களை இழுத்துவிடுகிறார். குழாயைச் சுற்றி மிஞ்சிய இடைவெளியில் சிமெண்டுப் பையின் காகிதத்தைச் சுருட்டித் திணிக்கிறார். சீலிங் பலகையைத் திரும்பப் பொருத்தியதும் எல்லாம் மறைந்துவிடுகிறது. இயந்திரம் ஓடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி.

அந்தச் சுவர் அறையைப் பிரிப்பதற்காக மட்டும் எழுப்பியது அல்ல. சுவிட்ச் அறையில் தீப்பிடித்தால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அதை அங்கேயே பிடித்து வைக்கவும் எழுப்பியது. கூடத்தில் வேலை செய்பவர்கள் வெளியேறுவதும் பொம்பா எனும் தீயணைப்புப் படையின் வண்டி வந்து சேர்வதும் அந்த நேரத்துக்குள்தான் நடக்க வேண்டும். துளை போட்டுக் காகிதம் திணித்த மாலையிலேயே அந்த நேரம் பறிபோய்விட்டது. சுவர் நிற்கிறது, ஆனால் காவல் போய்விட்டது.

இதை மலேசியாவின் கெடா மாநிலத்துத் தமிழர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பீடோங் ஹார்வர்ட் தோட்டம், பாடாங் செராய் விக்டோரியா தோட்டம், லூனாஸ் பாயா பெசார் தோட்டம் போன்ற இடங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க், சுங்கைப்பட்டாணி பக்கார் ஆராங், குருண் என்று வேலை பரவிக் கிடக்கிறது. தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் செம்பனை ஆலையும் ரப்பர் ஆலையும் உண்டு. அங்கெல்லாம் தலைக்கு மேலே ஓடும் மின்குழாய்களை நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குழாய் வழியே தீ போவது எப்படி?

வயர்களைச் சுமக்கும் குழாயைத் தொழிலில் கண்டுயிட் என்பார்கள். அது சுவரைக் கடக்கும் இடத்தில் தீக்கு இரண்டு வழி கிடைக்கிறது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்று. குழாயின் உள்ளே இருக்கும் வெற்றிடம் மற்றொன்று. வெளியே மட்டும் பூசிவிட்டு உள்ளே அடைக்காமல் விட்டால் குழாய் புகைபோக்கியாக மாறிவிடும்.

வயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி செல்சியஸ் சூடு வரைதான் வேலை செய்யத் தகுந்தது. எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அந்த வாயு ஈரத்தில் பட்டால் அமிலம். கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் ஈரம் இருக்கிறது. ஓர் அறையில் தீ எரிய, அடுத்த அறையில் இருப்பவர் மூச்சுத் திணறி விழுவது இதனால்தான்.

எல்லாக் குழாய்க்கும் ஒரே மருந்து கிடையாது. பிவிசி குழாய் தீயில் உருகிப் போய் சுவரில் வெறும் ஓட்டையை விட்டுச் செல்லும். ஆகவே சூடு பட்டதும் உப்பிப் பெருத்து அந்த ஓட்டையை நெரித்து மூடும் பட்டையை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். இரும்புக் குழாய் உருகாது. ஆனால் அடுப்பில் வைத்த கரண்டியின் பிடி சுடுவது போல, சூட்டை மறுபக்கம் கடத்தும். அதற்குச் சுற்றிலும் உள்ளேயும் தீயடைப்புப் பூச்சு வேண்டும். சில இடங்களில் குழாய்க்கு வெப்பக்காப்பும் சுற்ற வேண்டும்.

ஒரு மெழுகுவர்த்தி சொன்ன பாடம்

1975 மார்ச் 22. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம். கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் காற்றுக் கசிவு உண்டா என்று ஊழியர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக் கருவி ஒரு மெழுகுவர்த்தி. சுடர் சாய்ந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். சுடர் சாய்ந்தது, சாய்ந்த வேகத்தில், ஓட்டையை அடைத்திருந்த பாலியுரேத்தேன் நுரையைப் பற்றிக்கொண்டது. தீ சுவரின் மறுபக்கம் பாய்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. உலையைக் குளிர்விக்கும் அவசர ஏற்பாடுகள் பலவும் செயலிழந்தன.

எரிந்து தீயைக் கடத்தியது தீயைத் தடுக்க வேண்டிய அடைப்பே. அதே பாலியுரேத்தேன் வகை நுரைதான் இன்று நம் ஊர் ஹார்டுவேர் கடையில் டப்பாவில் கிடைக்கிறது. பீய்ச்சினால் உப்பி இடைவெளியை அழகாக மூடிவிடும். தீக்காகச் சோதித்துச் சான்று பெற்ற நுரைகளும் இருக்கின்றன. சாதாரண நுரையும் இருக்கிறது. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சான்றிதழ்தான் சாட்சி.

இந்தியாவிலும் ஒரு பாடம் உண்டு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் தகடுகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களைப் பற்றியதும் நிலையம் முழுதும் மின்சாரத்தை இழந்து சுமார் 17 மணி நேரம் இருளில் கிடந்தது. மாற்று மின்சாரத்துக்கு எத்தனை ஜெனரேட்டர் வைத்திருந்தாலும், அதன் கேபிளும் எரியும் தீக்குள்ளேயே ஓடினால் பயன் இல்லை.

மூன்றாவது பாடம் சோதனையைப் பற்றியது. அமெரிக்க அணுமின் நிலையங்களில் குழாய்களையும் கேபிள் தட்டுகளையும் தெர்மோ-லேக் என்ற பொருளால் மூடியிருந்தார்கள். ஒரு மணி நேரம் தாங்கும், மூன்று மணி நேரம் தாங்கும் என்று நம்பியிருந்தார்கள். மறுபடி சோதித்தபோது சிறிய குழாய்களிலும் அகலமான தட்டுகளிலும் அது உரிய நேரத்துக்கு முன்பே தோற்றது. 1992இல் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதை எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் எச்சரித்தது. சிறிய குழாய் ஏன் முதலில் தோற்கிறது? ஒரே அடுப்பில் டம்ளர் தண்ணீரையும் அண்டா தண்ணீரையும் வைத்துப் பாருங்கள்; டம்ளர்தான் முதலில் கொதிக்கும். சிறிய குழாயில் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பும் செம்பும் குறைவு. ஆகவே பெரிய குழாயில் தேறிய அடைப்பைச் சின்னக் குழாய்க்கும் அப்படியே ஒத்துக்கொள்ளக் கூடாது.

உண்மையான சோதனை எப்படி நடக்கும்?

ஆய்வுக்கூடத்தில் உலையின் வாயில் நிஜச் சுவர் ஒன்றைக் கட்டுவார்கள். அதில் குழாயை நுழைத்து, களத்தில் அடைப்பது போலவே அடைப்பார்கள். பிறகு உலையைப் பற்றவைப்பார்கள். உலகம் முழுதும் புழங்கும் ஐஎஸ்ஓ 834 கணக்குப்படி, ஐந்தாவது நிமிடம் உலைக்குள் 576 டிகிரி. அரை மணியில் 842. ஒரு மணியில் 945. இரண்டு மணியில் 1,049. அலுமினியம் 660இலேயே உருகிவிடும்.

தீ படாத பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். முதலாவது, சுடரோ சூடான வாயுவோ கசிகிறதா என்பது. சந்தேகப்படும் விரிசலுக்கு எதிரே உள்ளங்கையளவு பஞ்சுப் பட்டை ஒன்றைப் பிடிப்பார்கள். பஞ்சு பற்றினால் தோல்வி. இரண்டாவது, சூடு. குழாயின் மேலும் அடைப்பின் மேலும் ஒட்டிய வெப்பமானிகளில் ஏதாவது ஒன்று தொடக்க நிலையைவிட 180 டிகிரிக்கு மேல் ஏறினால் தோல்வி. ஐரோப்பிய முறையில் முதலாவதை 'இ' என்றும் இரண்டாவதை 'ஐ' என்றும் குறிப்பார்கள். 'இ' மட்டும் தேறிய அடைப்பு சுடரை நிறுத்தும். குழாயின் மறுமுனை சுட்டு, அங்கே சாய்த்து வைத்த அட்டைப்பெட்டி பற்றிக்கொள்வதை நிறுத்தாது.

இதிலிருந்து தெரிய வேண்டியது இதுதான். தேறியது டப்பாவில் இருக்கும் பசை மட்டும் இல்லை. இந்தச் சுவர், இந்தக் குழாய், இந்த இடைவெளி, இந்த ஆழம் என்ற முழு ஏற்பாடும் சேர்ந்துதான் தேறியது. செங்கல் சுவரில் தேறியதை ஜிப்சம் பலகைச் சுவரில் அப்படியே செய்துவிட்டுச் சான்று இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இன்னொரு கவனமும் வேண்டும். கேபிளை வெப்பக்காப்பால் சுற்றினால் தினசரி ஓட்டத்தில் உண்டாகும் சூடும் உள்ளேயே தங்கும்; கேபிள் சுமக்கக்கூடிய மின்னோட்டம் குறையும். அதைக் கணக்குப் போட்டுத்தான் சுற்ற வேண்டும். கணக்கில்லாமல் சுற்றினால் பாதுகாப்புக்கென்று செய்ததே தீ வைக்கும்.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது?

எந்தக் கட்டடத்தில் எந்தச் சுவர் எத்தனை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைவிதிகள் சொல்கின்றன. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, குறிப்பிட்ட வகையும் அளவும் கொண்ட தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் பொம்பா சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். தீ ஆபத்து கண்டால் அதை நீக்கச் சொல்லி அறிவிப்புக் கொடுக்க பொம்பாவுக்கு அதிகாரம் உண்டு. மின் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரும் தகுதிச் சான்று பெற்றவருமே செய்ய வேண்டும்.

தொழிலாளிக்கு மிக நெருக்கமானது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஐந்து பேர் வேலை செய்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். 40 பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். உடனடி உயிராபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, முதலாளியும் அதை நீக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைப் பிரிவு 26ஏ தருகிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதையும் பழிவாங்குவதையும் பிரிவு 27 தடுக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. அண்ணாந்து பாருங்கள். சுவிட்ச் அறைச் சுவர், மாடித் தளம், படிக்கட்டுச் சுவர் ஆகியவற்றைக் குழாய் கடக்கும் இடத்தில் வெளிச்சம் தெரிகிறதா? காகிதம், சாக்கு, சாதாரண நுரை திணித்திருக்கிறதா? நீங்களே ஏணி ஏறிக் கை வைக்காதீர்கள். மின்சாரம் ஓடும் இடம் அது.

2. கேளுங்கள். அடைப்புக்குச் சோதனை அறிக்கை உண்டா, பொம்பாவின் பொருள் அங்கீகாரம் உண்டா, யார் எந்தத் தேதியில் செய்தார்கள் என்று கேளுங்கள். நல்ல வேலை நடந்த இடத்தில் அடைப்பின் பக்கத்திலேயே இந்த விவரம் எழுதிய அட்டை ஒட்டியிருக்கும்.

3. எழுத்தில் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடமும் பாதுகாப்புக் குழுவிடமும் இடம், தேதி குறித்துக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகவும் கொடுங்கள்.

4. பலன் இல்லையென்றால் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியிடமும் பொம்பாவிடமும், மின்வேலையில் குறை என்றால் எரிசக்தி ஆணையத்திடமும் புகார் செய்யுங்கள். புகையோ தீயோ கண்டால் முதலில் 999.

5. காயம்பட்டால் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை நாடுங்கள். முதலாளி விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. பக்கத்தில் நிற்கும் நேப்பாளி, வங்காளதேசித் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

6. புகார் செய்ததற்காக வேலை போனால் 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

முதலாளிகளுக்கும் வயர்மேன்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு துளைக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு பதிவேடு வையுங்கள். புதுக் குழாய் நுழையும் ஒவ்வொரு முறையும், அடைப்பு முடிந்து படம் எடுக்கும் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்கு ஆகும் செலவையும் நேரத்தையும் விலைப்புள்ளியிலேயே சேர்த்துக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில் காகிதம் திணிப்பது பெரும்பாலும் வயர்மேனின் கெட்ட எண்ணத்தால் அல்ல. அந்த வேலைக்கு யாரும் நேரமும் பணமும் ஒதுக்காததால்.

அடுத்த முறை உங்கள் தொழிற்சாலையில் யாராவது சுவரைத் துளைத்துக் குழாய் போட்டால், சீலிங் பலகை மூடுவதற்கு முன் ஏணியடியில் நின்று கேளுங்கள்: "அண்ணே, சுத்தி என்ன வெச்சு அடைச்சீங்க? அதுக்கு டெஸ்ட் பேப்பர் இருக்கா?" பலகை மூடிய பிறகு அந்த ஓட்டையைத் தேடிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.