அறளையும் மூளையின் துப்புரவும்

முதியவரொருவர் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தால், உண்டபின்னும் உண்ணவில்லையென்று முறையிட்டால், 'அறளை பெயர்ந்துவிட்டது' என நகைத்து அப்பாற் செல்வது நம்மூர் வழக்கம். எமக்கு இலக்கணம் புகட்டிய பெரியாரொருவர் இறுதி நாள்களில் எம் பெயரையே வினவியபோது, யாமும் அதனை முதுமையின் இயல்பென்றே கொண்டோம். அது பிழையென்பதைப் பின்னரே உணர்ந்தோம். இத்தகைய மறதி பெரும்பாலும் நோயின் விளைவாகும். அந்நோய்களுள் முதன்மையானது அல்சைமர் நோய்.

மருதனார்மடச் சந்தையை எண்ணிப் பார்ப்போம். விற்பனை முடிந்ததும் இலைச்சருகும் அழுகற்காயும் எஞ்சும். அவற்றை அள்ளித் தோட்டத்திலிட்டால் உரமாகும். அள்ளாதுவிட்டால் மறுநாட் சந்தைக்கு இடமிராது. மூளையின் நரம்புக்கலங்களிலும் இத்தகைய துப்புரவு இடையறாது நிகழ்கின்றது. பழுதுற்ற புரதங்கள் மெல்லிய பையொன்றினால் மூடப்படும். அப்பை, அமிலமும் நொதியங்களும் நிறைந்த இலைசோசோம் என்னும் பையுடன் இணையும். உள்ளிருப்பவை சீரணித்து மீண்டும் பயன்படு பொருளாகும். இலைசோசோமை 1955இல் உலகிற்கு அறிவித்தவர் பெல்சிய அறிஞர் கிறித்தியன் டி டூவ். தன்னுண்ணல் எனப்படும் இச்செயலின் மரபணுக்களை மதுவக்கலங்களிற் கண்ட யப்பானியர் யோசினோரி ஓசுமி 2016இல் நோபெற் பரிசு பெற்றார்.

பிற கலங்கள் பல பிரிந்து பெருகுவதால் அவற்றின் கழிவும் பங்கிடப்பட்டுக் குறையும். நரம்புக்கலமோ பிரிவதில்லை. எண்பது வயதினரின் நரம்புக்கலத்திற்கும் ஏறக்குறைய அத்துணை வயதே. ஆதலின் துப்புரவு தவறின் அதற்கு வேறு புகலில்லை.

1906இல் சேர்மனிய வைத்தியர் அலோயிசு அல்சைமர், மறதியால் வருந்தி இறந்த பெண்ணொருவரின் மூளையிற் கலங்களுக்கு வெளியே படிவுகளையும், உள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். படிவு அமிலோயிட்டுப் பீற்றா என்னும் புரதமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெளியே சேரும் அப்படிவே நோயின் தொடக்கமெனப் பலர் கருதினர். 2022இல் நியூயோர்க்கின் இரால்ப் நிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. எலிகளின் நரம்புக்கலங்களில் இலைசோசோமின் அமிலத்தன்மையே முதலிற் குன்றியது. சீரணியாத கழிவுப்பைகள் பூவிதழ்கள்போற் புடைத்தன. கலம் இறந்தபின் அவையே படிவாயின. இந்நோயால் இறந்த மனிதர் மூளையிலும் அத்தகைய புடைப்புகள் காணப்பட்டன. இதுவே நோயின் முழுக்காரணமென முடிவுசெய்தற்கில்லை. எனினும் தெருவிற் குப்பை தோன்றுமுன்னரே உள்ளே துப்புரவு நின்றுவிட்டதென்பது சிந்திக்கத்தக்கது.

பெங்களூரின் சவகர்லால் நேரு ஆய்வு நிலையத்தில் இரவி மஞ்சித்தாயா குழுவினர் தன்னுண்ணலைத் தூண்டும் சேர்மங்களை ஆராய்ந்துள்ளனர். நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. ஆயினும் தைரொயிட்டுக் குறையாலும் விற்றமின் பி12 குறையாலும் நேரும் மறதி மருத்துவத்தால் தணியக்கூடியது. ஆதலின் மறதி மிகுந்தோரைக் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலரின் ஆசிரியர்கள் இன்று முதுமை எய்தியிருப்பர். அவர்கள் நம் பெயரை வினவுவாராயின், நகையாது, ஒவ்வொரு முறையும் முதன்முறை போலச் சொல்வோம். எம் ஆசிரியர்க்கு யாம் அவ்வாறு சொல்லவில்லை.