ஆகாயத் தாமரையும் இரு கூன்வண்டுகளும்

நமது ஏரி குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத் தாமரை, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட களையாகும். ஆட்களைக் கொண்டோ எந்திரங்களைக் கொண்டோ அதை அகற்றினாலும், எஞ்சி நிற்கும் சில செடிகளே கிளைத்துப் பெருகி மீண்டும் நீர்ப்பரப்பை மூடிவிடுகின்றன. சேற்றில் புதைந்த விதைகளோ பல ஆண்டுகள் முளைப்புத் திறன் கெடாமலிருக்கும்.

எனவே, இக்களையை அதன் தாயகத்தில் உண்டு வாழும் இரு கூன்வண்டுகள் 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து வரவழைக்கப்பட்டன. நமது பயிர்களுக்கு அவை தீங்கு விளைவிப்பதில்லை என்று சோதித்தறிந்த பின்னரே, 1983 முதல் பெங்களூர்ப் பகுதி ஏரிகளில் விடப்பட்டன. சில ஏரிகளில் சுமார் மூன்று ஆண்டுகளில் களை பெருமளவு ஒழிந்தது.

ஒன்றன் பெயர் நியோகெட்டினா ஐகார்னியே. மற்றொன்று நியோகெட்டினா புரூச்சி. இரண்டும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் நீளமே உடையவை. முன்னதன் முதுகின் நடுவே இரு கருங்கோடுகள் நீண்டிருக்கும். பின்னதில் அவை குறுகியவை, குறுக்கே வெளிர்நிறப் பட்டை ஒன்று வளைந்து தெரியும். இரண்டுமே இரவில் இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்கின்றன. ஆயினும் பெருஞ்சேதம் விளைப்பவை புழுக்களே. அவை இலைக்காம்பைக் குடைந்து செடியின் குருத்துவரை செல்கின்றன. குடைந்த வழியே நீர் புகுந்து செடி அழுகி, இறுதியில் மூழ்குகிறது. புழுக்கள் நீருக்கடியில் வேரில் கூடு கட்டி வண்டாகின்றன.

தோற்றத்தைவிட முக்கியமான வேறுபாடு உணவில் உள்ளது. புரூச்சி விரைவாக வளர்வது. ஆனால் தழைச்சத்து மிகுந்த செழிப்பான செடிகளில்தான் நன்கு பெருகும். ஐகார்னியே மெலிந்த செடிகளிலும் தாக்குப்பிடிக்கும். ஓர் ஏரியிலேயே கழிவுநீர் சேரும் முனையும் தெளிந்த முனையும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து விடுவதே தக்கது.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதை வண்டுகள் அறியா. முதலாண்டில் இலைத் தழும்புகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்போது பொறுமையிழந்து களைக்கொல்லி தெளித்தாலோ, செடிகளை முற்றிலும் வாரிக் கரையேற்றினாலோ, காம்பிலுள்ள புழுக்களும் செடிகளோடு அழியும். அகற்றியே தீரவேண்டிய இடத்தில், வண்டேறிய செடிகளை ஓர் ஓரத்தில் விட்டுவைக்க வேண்டும். நகரக் கழிவுநீர் ஓயாது கலக்கும் ஏரியில் வண்டுகள் தின்பதைவிடக் களை விரைந்து தழைக்கும்; அங்கே கழிவுநீர்க் கால்வாயைத் திருப்புவதே முதல் வேலை.