ஒரு மைக்ரான் சந்தில் ஈ. கோலையின் வரவுசெலவு

ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரான். தடிமன் ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. உடலில் சராசரியாக 4 கசையிழைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மோட்டார்; நொடிக்குச் சுமார் 100 சுற்று.

செலவை முதலில் எழுதுவோம். மோட்டாரைச் சுழற்றுவது அதன் வழியே செல்லுக்குள் பாயும் புரோட்டான்கள்; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1,000. நான்கு மோட்டாருக்கும் சேர்த்து நொடிக்கு 4 லட்சம். வரவு: அதே நொடியில் 20 முதல் 30 மைக்ரான் தூரம், அதாவது தன் நீளத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். மோட்டார்கள் தரும் ஆற்றலில் உடலை முன்னே தள்ளுவதற்குப் பயன்படுவது சுமார் 2 விழுக்காடுதான். மிச்சம் தண்ணீரின் பிசுபிசுப்பில் கரைந்துபோகிறது.

கையிருப்பு என்று எதுவும் கிடையாது. கசையிழை நின்றால் உடலும் அங்கேயே நின்றுவிடும். அப்போது அது சறுக்கிச் செல்லும் தூரம் 0.1 ஆங்ஸ்ட்ராம் என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு! இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புத் தட்டுகிறது.

இவையெல்லாம் திறந்த நீரின் கணக்கு. ஆனால் பாக்டீரியா வாழ்வதோ குடலின் சளியிலும் மண்ணின் இடுக்கிலும். சுவரை ஒட்டி நீந்தினால் நேராகப் போக முடியாமல் வட்டமடிக்கிறது. மண் போன்ற நெருக்கடியில் திசை மாறும் முன் நேராக நீந்தும் ஓட்டங்கள் கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிரின்ஸ்டனில் தபோமய் பட்டாச்சார்ஜியும் சுஜித் தத்தாவும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. பாக்டீரியா ஓரிடத்தில் சிக்கிக் கிடக்கிறது; திசை மாறி வழி கிடைத்ததும் சட்டென்று அடுத்த இடுக்குக்குத் தாவுகிறது.

எவ்வளவு குறுகலான சந்து வரை போகும்? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2009-இல் சிலிக்கானில் கால்வாய் செதுக்கி அளந்தார்கள். உடல் தடிமனைவிட 30 விழுக்காடு கூடுதல் அகலம், அதாவது சுமார் 1.1 மைக்ரான் இருந்தால் நீந்துகிறது. அதற்குக் கீழே நீச்சல் நின்றுவிடுகிறது. பயணம் நிற்பதில்லை! உடலில் பாதி அகலமே உள்ள, 0.4 மைக்ரான் சந்தில்கூட அது வளர்ந்து, இரண்டாகப் பிரிந்து, தட்டையாக நசுங்கியபடி மறுபக்கம் வந்துசேர்கிறது.

காலத்தையும் கணக்கில் சேர்ப்போம். நல்ல ஊட்டத்தில் ஈ. கோலை இரட்டிப்பாக 20 நிமிடம். நொடிக்கு 20 மைக்ரான் வேகத்தில் நேராக நீந்தினால் அதற்குள் 24,000 மைக்ரான் கடக்கலாம். வளர்ச்சியை மட்டும் நம்பினால் ஒரு செல்லுக்குக் கிடைப்பது 2 மைக்ரான். பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் அது பூஜ்யமல்ல. ஆகவே துளையின் அகலத்தை மட்டும் வைத்து ஒரு வடிகட்டி பாக்டீரியாவைத் தடுத்துவிடும் என்று சொல்வது பாதிக் கணக்கு. எத்தனை மணி நேரத்துக்குத் தடுக்கும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.