ஏரியைக் குடித்த பனி

2006 ஜூலை மாதம். மேற்குக் கிரீன்லாந்தில், பனியின் மேல் பளிச்சென்ற நீல நிறத்தில் ஓர் ஏரி கிடந்தது. கோடை வெயிலில் பனி உருகித் தேங்கிய தண்ணீர். பரப்பு ஐந்தரைச் சதுர கிலோமீட்டருக்கும் மேல். திடீரென்று ஏரிக்கு அடியில் பனி விரிசல் விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் ஏரி காலி! சுமார் 4,400 கோடி லிட்டர் தண்ணீர் மாயம். அந்த நேரத்தில் அங்கே இறங்கிய நீர், நயாகரா அருவியில் விழுவதைவிட அதிகம்.

தண்ணீர் எங்கே போனது? நேரே கீழே. அங்கே பனியின் தடிமன் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தண்ணீர் பனியைவிட அடர்த்தியானது. அதனால்தான் டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கிறது. விரிசலை நிரப்பிய நீர், தன் எடையாலேயே அதன் நுனியை மேலும் மேலும் பிளந்துகொண்டு பாறைவரை போய்விடும். அன்று அடியில் புகுந்த நீர், அவ்வளவு கனமான பனியையே ஒரு மீட்டருக்கு மேல் தூக்கியது! ஏரி அருகே விஞ்ஞானிகள் சாரா தாஸ், இயன் ஜோகின் குழுவினர் வைத்திருந்த ஜிபிஎஸ் கருவிகள் அதைப் பதிவு செய்தன.

பாறைக்கும் பனிக்கும் நடுவே ஒரு மல்லுக்கட்டு நடக்கிறது. ஓடும் தண்ணீரின் உராய்வால் கொஞ்சம் வெப்பம் பிறக்கும். அது பனியைக் கரைத்துச் சுரங்கம் தோண்டும். மேலே இருக்கும் பனியோ தன் எடையால் அந்தச் சுரங்கத்தை நசுக்கி மூடப் பார்க்கும். குளிர்காலத்தில் தண்ணீர் குறைவு, பனி ஜெயிக்கும். கோடையில் தண்ணீர் ஜெயிக்கும்.

தண்ணீர் கூடினால் பனியாறு வேகமாக வழுக்கும் என்றுதானே நினைப்போம்? கோடைத் தொடக்கத்தில் அப்படித்தான். அப்போது சுரங்கங்கள் இன்னும் விரியவில்லை. போக வழியில்லாத நீர் அழுத்தம் ஏறிப் பனியைத் தூக்க, அது வழுக்கிக்கொண்டு நகரும். சுரங்கங்கள் அகன்றதும் நீர் சுலபமாக வெளியேறும், அழுத்தம் இறங்கும், பனியாற்றின் வேகமும் தணியும். தண்ணீர் அதிகம், வேகம் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த முரண் இது.

இன்னொரு வேடிக்கை: இந்த நீர் மேட்டிலும் ஏறும். பனி கனமாக அழுத்தும் இடத்திலிருந்து, லேசாக அழுத்தும் இடத்துக்குப் பிதுங்கி ஓடும். வழியில் சின்ன மேடு இருந்தாலும் கவலையில்லை.

இருட்டுக்குள் நீர் போகும் இந்தப் பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? 2008-இல் நாசா விஞ்ஞானிகள் கிரீன்லாந்தின் பனிக்குழிகளில், அதாவது உருகிய நீர் பனிக்குள் இறங்கும் துளைகளில், 90 ரப்பர் வாத்துகளைப் போட்டார்கள். நிஜமாகத்தான்! 'கண்டுபிடித்தால் பரிசு' என்று அவற்றில் எழுதியும் இருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒரு வாத்துகூடத் தலைகாட்டவில்லை.

பிறகு வேறு குழுவினர், சாயத்தையும் ஒருவகை வாயுவையும் பனிக்குழித் தண்ணீரில் கலந்துவிட்டு, பனியாற்றின் முனையில் காத்திருந்தார்கள். வாத்துகளைவிட இவை கெட்டி, வெளியே வந்துவிட்டன. பனியின் ஓரத்திலிருந்து உள்ளே 40 கிலோமீட்டர் தாண்டியும் கோடையில் சுரங்க வழிகள் உருவாகின்றன என்று 2013-இல் அந்தக் குழு அறிவித்தது.