பெயரை நம்பாத சேர்வர்

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் பழமொழி. மன்னார்க் கரையில் மணலைப் பிடித்துவைத்துப் படரும் அந்தக் கொடியின் பெயர்தான் மாந்தை மேற்கிலுள்ள அடம்பன் ஊருக்கும். கொடியின் ஊதாப் பூவைப் போனில் படமெடுத்து, ‘அடம்பன்’ என்று பெயரிட்டு, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

3 மெகாபைட் படம் ஒரே கட்டாகப் போவதில்லை. ஏறக்குறைய 1,500 பைட் அளவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பொட்டலங்களாகப் போய், மறுமுனையில் வரிசைப்படி திரள்கிறது.

இணையப் படிவத்தோடு கோப்பையும் அனுப்பும் முறையை 1995 நவம்பரில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் எர்னெஸ்டோ நெபெல், லாரி மாசின்டர் இருவரும் எழுதிவைத்தார்கள். தலைப்பு, விளக்கம், படம் எல்லாம் ஒரே மடலில் போகும். ஒன்றையும் மற்றதையும் பிரிக்க, அவற்றுக்குள் எங்குமே வராத எழுத்துத்தொடர் ஒன்று வேலிபோல நிற்கும்.

பொதுவகத்தை இயக்கும் மீடியாவிக்கி, பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பிஎச்பி, வந்த கோப்பை முதலில் தற்காலிக இடத்தில்தான் வைக்கும். நிரல் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளாவிட்டால், வேலை முடிந்ததும் அழித்துவிடும். அமைப்பை மாற்றாமல் விட்டால் 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. நம் பூ அங்கேயே நின்றுவிடும். பல தளங்களில் படம் ஏறாததற்கு நெற்வேர்க்கைத் திட்டுகிறோம்; சிலவேளை குற்றவாளி இந்த வரம்புதான்.

அளவில் தேறினாலும் நம்பிக்கை கிடைத்துவிடாது. கோப்பின் பெயரும் வகையும் அனுப்பியவர் சொல்லும் சொல் மட்டுமே. படம் என்ற பெயரில் நிரலை அனுப்பி, சேர்வரையே அதை இயக்கவைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆகவே மீடியாவிக்கி உள்ளே பார்க்கிறது. ஜேபெக் படமென்றால் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255 என்று இருக்கவேண்டும். அந்த முகப்பையும் போலியாக ஒட்டலாம் என்பதால், உள்ளே நிரல்வரி ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுகிறது. அதையும் தாண்டி ஏதேனும் நுழைந்தால்? அது பொதுவகத்தின் பக்கங்களை எளிதில் தொடமுடியாதபடி, படங்களை விக்கிமீடியா வேறொரு இணைய முகவரியிலிருந்துதான் வழங்குகிறது.

பெயருக்கும் அளவுண்டு: 240 பைட். ‘அடம்பன்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறி. குறிக்கு மூன்றாக 21 பைட். ஏழு ஆங்கில எழுத்துக்கோ 7 பைட்தான். தமிழில் பெயரிடுபவருக்கு இடம் மூன்றில் ஒன்று. ஆனாலும் ஒரு பூவின் பெயருக்கு அது தாராளம்.