பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்: எல்சினோர் சர்வதேச மக்கள் கல்லூரி தோன்றிய கதை

பள்ளிக்கூடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பரீட்சைதான். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று படிப்படியாக ஏற வேண்டும். இடையில் ஒரு படியில் சறுக்கியவரும், ஊரை விட்டு ஓட நேர்ந்ததால் புத்தகத்தைக் கைவிட்டவரும், அத்தோடு தம் படிப்பு முடிந்தது என்றே எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் பரீட்சை வைக்காத, பட்டமோ சான்றிதழோ கொடுக்காத ஒரு பள்ளிக்கூட வகை டென்மார்க் நாட்டில் 1844ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்காக, அதுவும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளை எண்ணியே அது தொடங்கப்பட்டது. தமிழில் அதனை மக்கள் கல்லூரி என்று சொல்லலாம். இந்த வகையைச் சேர்ந்த ஒரு கல்லூரி 1921இல், முதலாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள், பகை நாட்டு இளைஞர்களை ஒரே கூரையின் கீழ் இருத்திப் பார்த்தது. அது எப்படி உருவாகியது, எப்படி நடந்தது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

முதலில் மக்கள் கல்லூரி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நிக்கொலாய் குருண்ட்விக் (1783 - 1872) டென்மார்க்கின் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த போதகர், பாடலாசிரியர், வரலாற்றறிஞர். அவர் காலத்துக் கல்லூரிகளில் லத்தீன் மொழி கோலோச்சியது. மண்ணில் உழைக்கும் மக்களின் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. ஏட்டுப் படிப்பு மனிதனை உயிரற்றவனாக்குகிறது என்று குருண்ட்விக் கடுமையாகச் சாடினார். ஆசிரியரும் மாணவரும் தாய்மொழியில் முகம் பார்த்துப் பேசிக் கற்கும் கல்லூரி ஒன்று பொதுமக்களுக்கு வேண்டும் என்றார். அவர் தாமே அப்படி ஒரு கல்லூரியைக் கட்டி நடத்தவில்லை. முதலாவது மக்கள் கல்லூரி 1844இல் தெற்கு யூட்லாந்தில் உள்ள றொடிங் என்ற ஊரில் வேறு சிலரால் திறக்கப்பட்டது.

எண்ணத்துக்கு உடம்பு கொடுத்தவர் கிறிஸ்டன் கோல்ட் (1816 - 1870) என்னும் ஆசிரியர். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். 1851இல் றிஸ்லிங்க என்ற கிராமத்தில் ஒரு சிறு வீட்டில், பதினைந்து இளைஞர்களோடு தொடங்கினார். மாணவர் படுத்த அதே மாடத்தில் தாமும் படுத்து, அவர்கள் உண்ட அதே உணவைத் தாமும் உண்டார். ஆண் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் வகுப்பு. அக்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும். வயலில் வேலை குறைவு. 1863இல் பெண் பிள்ளைகளுக்குக் கோடைகால வகுப்பையும் தொடங்கினார். கமத்தின் நாட்காட்டியே பள்ளியின் நாட்காட்டியாயிற்று. இது சிறிய விடயம் போலத் தோன்றும். ஆனால் வயலை விட்டு வரமுடியாதவனை வயல் ஓய்ந்த காலத்தில் கூப்பிட்டதனால்தான் அவன் வந்தான்.

1864இல் டென்மார்க் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் போரிட்டுத் தோற்றது. தெற்கே ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் கைவிட்டுப் போயின. றொடிங் ஊரும் அந்நியர் ஆட்சிக்குள் அகப்பட்டது. கல்லூரி என்ன செய்தது? அதை நடத்தியவர்களில் ஒரு பகுதியினர் 1865இல் புதிய எல்லைக்கு வடக்கே, அதிக தூரம் போகாமல், அஸ்கோவ் என்ற இடத்தில் ஒரு பண்ணை வீட்டில் கல்லூரியைத் திரும்பவும் தொடங்கினர். பின்னாளில் டென்மார்க்கிலேயே பேர்பெற்ற மக்கள் கல்லூரியாக அஸ்கோவ் வளர்ந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களை நாம் அறிவோம். இது இடம்பெயர்ந்த ஒரு பள்ளிக்கூடம். கட்டடம் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. ஆசிரியரும் பழக்கவழக்கமும் பாட்டும் இப்பால் வந்து சேர்ந்தன.

தோல்விக்குப் பின் வந்த ஆண்டுகளில் மக்கள் கல்லூரிகள் நாடெங்கும் பெருகின. 1870களிலும் 1880களிலும் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தபோது, டேனியக் கமக்காரர் தானியத்தை விட்டுப் பாலுக்கும் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் மாறினர். 1882இல் மேற்கு யூட்லாந்தின் ஹியெடிங் கிராமத்தில் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணை அமைந்தது. சில ஆண்டுகளில் இவை நூற்றுக்கணக்கில் எழுந்தன. நூறு மாடு வைத்திருந்தவருக்கும் இரண்டு மாடு வைத்திருந்தவருக்கும் தலைக்கு ஒரு வாக்கு என்பதே பொதுவான விதி. இந்த மாற்றம் முழுவதையும் மக்கள் கல்லூரிதான் செய்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகைப்படுத்தல். ஆயினும் கூட்டத்தில் எழுந்து பேசவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும் பழகிய இளைஞர்கள் கிராமந்தோறும் இருந்தது கூட்டுறவுக்குப் பெரிய பலம் என்பதை மறுக்க முடியாது.

இனி எல்சினோருக்கு வருவோம். டேனியர் அதனை ஹெல்சிங்கோர் என்பர். தலைநகர் கொப்பன்ஹேகனுக்கு வடக்கே சுமார் 45 கிலோமீற்றர் தூரத்தில் கடற்கரையில் உள்ள பட்டினம். குறுகலான நீரிணைக்கு அப்பால் சுவீடன் தெரியும். ஷேக்ஸ்பியரின் 'ஹம்லட்' நாடகம் நடக்கும் கோட்டை இங்குதான் நிற்கிறது.

பீற்றர் மனிக்கே 1889இல் பிறந்த டேனியர். அவர் இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரில் இருந்த வூட்புறூக் என்ற கல்வி நிலையத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். குவேக்கர்கள் எனப்படும் நண்பர் சபையினர் 1903இல் தொடங்கிய நிலையம் அது. சொக்கலேற் வணிகத்தில் பேர்பெற்ற ஜோர்ஜ் கட்பரி தமது சொந்த வீட்டையே அதற்குக் கொடுத்திருந்தார். குவேக்கர்கள் ஆயுதம் தூக்க மறுப்பவர்கள். போர் முடிந்தபின் தோற்ற ஜேர்மனியில் பசித்த குழந்தைகளுக்கு உணவு கொடுத்தவர்களும் அவர்களே. அந்தச் சூழலில் மனிக்கேயின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சொந்த நாட்டின் கமக்காரரைத் தட்டி எழுப்பிய மக்கள் கல்லூரி, நாடுகளுக்கிடையே உள்ள பகையைத் தணிக்கவும் உதவாதா?

கேட்பதற்கு நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. மக்கள் கல்லூரி பிறந்ததே தேசிய உணர்வில்தான். தாய்மொழி, சொந்த மண்ணின் வரலாறு, முன்னோரின் பாட்டு: இவைதாம் அதன் உயிர். அதிலும் ஜேர்மனியரிடம் இழந்த மண்ணின் நினைவு அதற்குள் ஆழமாக ஊறியிருந்தது. அப்படிப்பட்ட பள்ளியில் ஜேர்மனியனை எப்படி உட்கார வைப்பது? டென்மார்க் அந்த உலகப் போரில் நடுநிலை வகித்தது உண்மை. ஆனால் ஷ்லெஸ்விக்கில் இருந்த டேனியர் ஜேர்மன் பிரஜைகளாய் இருந்தமையால் ஜேர்மன் படையில் சேர்க்கப்பட்டு, தம்முடையதல்லாத ஒரு போரில் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1920இல் மக்களின் வாக்கெடுப்பின்படி வட ஷ்லெஸ்விக் டென்மார்க்கோடு மீண்டும் சேர்ந்தது. றொடிங்கும் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே எல்சினோர்க் கல்லூரி தொடங்கியது. காயம் ஆறும்வரை மனிக்கே காத்திருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தம் வீட்டை நேசிப்பவனுக்குத்தான் அயலவனும் தன் வீட்டை நேசிப்பான் என்பது விளங்கும். முடிச்சை அவிழ்த்த வழி இதுவே என்று நாம் கருதுகிறோம். எல்சினோரில் எவரும் தம் நாட்டை மறந்துவிடும்படி கேட்கப்படவில்லை. ஜேர்மனியன் ஜேர்மனியனாகவே வரலாம். ஆங்கிலேயன் ஆங்கிலேயனாகவே இருக்கலாம். தன் நாட்டுக் கதையைச் சொல்லும்போது, அதே கதையை மறுபக்கத்திலிருந்து அறிந்த ஒருவன் எதிரில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சிறிய வித்தியாசம் அல்ல.

தொடக்கம் எளிமையானது. டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் இருந்த நண்பர்கள் திரட்டிய பணத்தில், ஊருக்கு வெளிப்புறத்தே ஒரு பழைய பண்ணை வீடும் நிலமும் கிடைத்தன. மாணவர் ஒரு சிறு குழுவினரே. படிப்போடு உடலுழைப்பும் சேர்ந்திருந்தது. வந்தவர்கள் தோட்டத்திலும் வயலிலும் கட்டட வேலையிலும் கைகொடுத்தனர். நமது வழக்கில் சொன்னால் சிரமதானம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வெளிப்படையானது: செலவு குறையும், ஏழைத் தொழிலாளியின் பிள்ளையும் வந்து தங்கலாம். மற்றது இன்னும் முக்கியமானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எதிரெதிர்ப் பதுங்கு குழிகளில் கிடந்த இரு நாட்டவரை நாற்காலியில் எதிரெதிராக இருத்திச் சமாதானத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், அவர்கள் போரைத்தான் வாயால் மறுபடி நடத்துவார்கள். ஒரு மரக்குற்றியின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கச் சொன்னால், முதலில் குற்றியைப் பற்றிப் பேசுவார்கள். மாலையில் மற்றவற்றைப் பேசலாம். அனுபவமில்லாத கைகள் செய்யும் கமவேலையால் பெரிய வருமானம் வராது என்பது கமக்காரராகிய உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உழைப்பின் விளைச்சலை மூட்டைக் கணக்கில் மட்டும் பார்க்கலாகாது.

மொழிதான் அன்றாடத் தொல்லை. டேனிய மொழி, ஆங்கிலம், ஜேர்மன் மொழி ஆகிய மூன்றும் புழங்கின. குருண்ட்விக் வற்புறுத்தியதோ தாய்மொழியில் பேசும் உயிருள்ள சொல். ஒருவருடைய உயிருள்ள சொல் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்காத வெறும் ஓசையாக இருந்தால் என்ன செய்வது? மொழிபெயர்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் அவசரமாகக் கோபிக்க முடியாமற் போவது இதில் உள்ள ஒரு நன்மை! காலப்போக்கில் ஆங்கிலமே பொது மொழியாயிற்று. டேனிய மக்கள் கல்லூரிகளில் நாள் பாட்டோடுதான் தொடங்கும். பல நாட்டவர் கூடிய இடத்தில் பாட்டும் பல நாட்டினதாக வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் பணம். 1923இல் ஜேர்மன் நாணயம் அடியோடு பெறுமதி இழந்தது. காலையில் வாங்கிய கூலிக்கு மாலையில் ஒரு பாண் வாங்க முடியாத காலம். அந்நாட்டுத் தொழிலாளியின் மகன் டேனிய நாணயத்தில் கட்டணம் செலுத்துவது எட்டாக் கனி. இப்படிப்பட்டவர்கள் வராவிட்டால் சர்வதேசம் என்ற பெயருக்கே பொருளில்லை. எனவே நன்கொடையும் உதவித்தொகையும் தேடுவது இத்தகைய கல்லூரிக்கு ஓயாத வேலையாகிறது. டேனிய அரசு மக்கள் கல்லூரிகளுக்கு உதவிப்பணம் கொடுத்தபோதிலும் எதைப் படிப்பிக்க வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. இது அந்நாட்டுக் கமக்காரர் போராடிக் காத்துக்கொண்ட உரிமை. பணம் கொடுப்பவர் பாடத்தையும் தீர்மானிக்கும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வகுப்பறையில் மட்டும் இருக்கவில்லை. டேனியப் பண்ணைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஏனைய மக்கள் கல்லூரிகளையும் பார்த்துப் படிப்பதற்கு எல்சினோர் ஒரு வாசலாயிற்று. மனிக்கே தம் நாட்டின் இந்த அனுபவங்களைத் தொகுத்து 1939இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். டென்மார்க் ஒரு சமூகப் பரிசோதனைக் கூடம் என்பது அந்நூலின் தலைப்பின் கருத்து.

அந்த ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படை டென்மார்க்கினுள் புகுந்தது; 1945 மே மாதம்வரை நாடு அதன் பிடியில் இருந்தது. அப்படியானால் பகை நாட்டாரை ஒன்றாக உண்ணவும் உழைக்கவும் வைத்த இந்த முயற்சி வீணா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு பண்ணை வீட்டில் தங்கிச் சென்ற சிலரால் ஹிட்லரைத் தடுத்திருக்க முடியாது. எந்தப் பள்ளிக்கூடமும் அதைச் செய்யவில்லை. ஆனால் போர் முடிந்தபின் மறுபடி தொடங்கப் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வழி தெரிந்த ஓர் இடமும் அதைத் தெரிந்த மனிதரும் இருந்தனர். மனிக்கே 1954வரை அதிபராக இருந்தார். ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர் வரத் தொடங்கினர். மனிக்கே தமது பிற்கால ஆண்டுகளில் வறிய நாடுகளின் கிராம அபிவிருத்தியைப் பற்றி எழுதினார். 1981இல் அவர் காலமானார்.

கல்லூரி இன்றும் எல்சினோரிலேயே இருக்கிறது. 1988இல் ஐக்கிய நாடுகள் சபை அதனைச் சமாதானத் தூதுவர் எனக் கௌரவித்தது. 2021இல் நூறாண்டு நிறைவடைந்தது. பல நாட்டு இளைஞர்கள் ஒரு பருவம், அதாவது சில மாதங்கள், அங்கே தங்கிப் படித்துச் செல்கின்றனர். பரீட்சை இன்றும் வைப்பதில்லை.